விதித்தொகுப்பா, விதிவார்ப்பா?

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வலையமைப்புப் பாதுகாப்பு அட்டையின் (வலையமைப்பில் வரும் தரவை விதிகளின்படி சோதிக்கும் வன்பொருளின்) கையேட்டில் வரும் 'ரூல் கம்பைலேஷன்' (எழுதிய விதிகளை அட்டை இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றுதல்) என்பதற்கு நம் குழுவில் ஐயா முன்மொழிந்த 'விதித்தொகுப்பு' என்னும் சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. விதிகளின் திரட்டுக்கே அது பொருத்தமான பெயர்; அதைச் செயலுக்குக் கொடுத்துவிட்டால், 'விதித்தொகுப்பைத் தொகுத்தல்' என்றுதான் எழுத நேரும்.

அட்டையில் நடக்கும் வேலையையும் அச்சொல் காட்டவில்லை. 1998இல் மார்ட்டின் ரோஷ் உருவாக்கிய, வலையமைப்பு ஊடுருவலைக் கண்டறியும் மென்பொருளான ஸ்நோர்ட், கணினியில் இயங்கும்போது விதிகளைத் தொடக்கத்தில் படித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வரும் பொதிகளை (தரவுத் துண்டுகளை, 'பாக்கெட்') அவற்றோடு ஒப்பிடுகிறது. விதியைத் திருத்தினால் கோப்பை மறுபடி படிக்கச் செய்தால் போதும். உள்ளிருக்கும் மின்சுற்றை வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சில்லு உள்ள அட்டையிலோ, '23ஆம் துறைக்கு டெல்நெட் இணைப்பு வந்தால் எச்சரி' என்ற ஒற்றை வரி, துறை எண்ணை ஒப்பிடும் சிறு மின்சுற்றாகவே ஆகிவிடுகிறது. ('போர்ட்' என்பதற்கான துறை என்றதும் சென்னைத் துறைமுகத்தை அடுத்த ராயபுரத்துக்காரர்களுக்குக் கப்பல்தான் நினைவுக்கு வரும், இருந்தாலும் அச்சொல் நிலைத்துவிட்டது.) நூறு விதிகள் இருந்தால் நூறு சுற்றுகளும் ஒரே பொதியை ஒரே நேரத்தில் பார்க்கின்றன, ஆகவே விதிகள் கூடும்போது பெரிதும் செலவாவது நேரமன்று, சில்லின் இடமே. நொடிக்கு 10 கிகாபிட் இணைப்பில் 64 பைட் சட்டகங்கள் (பொதியைச் சுமந்து வரும் 'ஃபிரேம்'கள்) முழு வேகத்தில் வந்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 67 நானோநொடிதான் கிடைக்கும் என்பதால், இந்த ஏற்பாடு வெறும் ஆடம்பரமன்று. அதற்கு விலையும் உண்டு: ஒரு விதியை மாற்றினாலும் சுற்றை மறுபடி வடிவமைத்து, சில்லுக்குள் இடம் ஒதுக்கி, இணைப்புத்தடம் போட வேண்டியிருப்பதால், பெரிய வடிவமைப்புகளில் மணிக்கணக்காகும்.

குழுவில் அம்மையார் சொன்ன 'விதிபொறித்தல்' இதற்கு நெருங்கி வருகிறது. ஆயினும் கல்லில் பொறித்தது நிலைத்துவிடும். இந்தச் சில்லை மீண்டும் மீண்டும் மாற்றியமைக்கலாம். தவிர, 'விதிப்பொறி' என்று யாரேனும் சுருக்கினால் அது 'ரூல் எஞ்சின்' (விதிகளை இயக்கும் பொறி) ஆகிவிடும்.

என் பரிந்துரை 'விதிவார்ப்பு'. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையிலுள்ள பவுண்டரியில், மணல் அச்சில் ஊற்றி ஆறிய உருப்படியின் அளவு தவறினால், அரத்தால் தேய்த்துக்கொண்டிருக்காமல் உருக்கி மறுபடியும் வார்ப்பார்கள். அட்டையிலும் அப்படியே: வார்த்த சுற்றுக்குள் கைவைக்க முடியாது, ஆனால் மூல விதியிலிருந்து புதிதாக வார்க்கலாம்.

'வார்ப்புரு' டெம்ப்ளேட்டுக்கு வழங்குகிறதே என்பது நியாயமான மறுப்பு. எனினும் வார்ப்புரு பொருள், வார்ப்பு செயல். முன்னே 'விதி' நிற்பதால் குழப்பத்துக்கு இடம் குறைவு. ஒற்று மிகுமா என்ற வழக்கமான சச்சரவும் இதில் இல்லை.

இன்னொரு தேவையும் இதனால் தீர்கிறது. சில வடிவமைப்புகளில் முகவரி, துறை எண் போன்ற மதிப்புகளைப் பதிவகங்களில் (சில்லுக்குள் உள்ள சிறு நினைவிடங்களில், 'ரிஜிஸ்டர்') வைத்து, மறுவார்ப்பு இல்லாமலே மாற்ற முடிகிறது. சுற்றாகவே ஆனதை 'வார்விதி' என்றும், பதிவகத்தில் இடுவதை 'இடுவிதி' என்றும் பிரிக்கலாம். 'நிலைவிதி' வேண்டாம், ஃபர்ம்வேருக்கான (வன்பொருளுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளுக்கான) 'நிலைபொருள்' பக்கத்திலேயே இருப்பதால் படிப்பவர் இரண்டையும் முடிச்சுப்போடுவார்.

பிழைச்செய்திகளில் வைத்துப் பார்த்தேன்: 'விதிகள் வார்க்கப்பட்டன, நிலைபொருள் அட்டையில் ஏற்றப்படவில்லை.' 'தொகுக்கப்பட்டன' என்றிருந்தால், கோப்புகள் ஒன்றுசேர்ந்தன என்றே பணியாளர் கருதக்கூடும். மறுப்பு இல்லையெனில் கையேட்டின் மூன்றாம் இயலில் இச்சொற்களையே இடுகிறேன்.