நிலநடுக்கமானிகளின் உள்ளிரைச்சலை அளப்பதில் ஓர் ஐயம்

அனைவருக்கும் வணக்கம். ஒரே வகையான மூன்று அகலப்பட்டை நிலநடுக்கமானிகளை (விரைவான, மெதுவான நில அசைவுகள் இரண்டையும் பதிபவை) ஒரே கருங்கல் மேடையில் அருகருகே நிறுத்தி, 2006-இல் ஸ்லீமன் குழுவினர் முன்வைத்த முறைப்படி, மூன்றுக்கும் பொதுவான நில அசைவைக் கழித்து, ஒவ்வொன்றின் உள்ளிரைச்சலையும், அதாவது கருவியே தன்னுள் எழுப்பும் இரைச்சலையும், கணக்கிடுகிறோம். செங்குத்துத் திசையில் முடிவு, பீட்டர்சனின் 1993-ஆம் ஆண்டுக் குறை இரைச்சல் மாதிரிக்கு (மிக அமைதியான இடங்களில் பதிவாகும் நில இரைச்சலின் கீழெல்லை) கீழே ஒழுங்காகவே அமைகிறது. கிடைத்திசைகளில்தான் சிக்கல்: கடலலைகள் எழுப்பும் நுண்ணதிர்வின் மேடு, 5 முதல் 8 நொடி வரையிலான அலைவுக்காலத்தில், கருவியின் சொந்த இரைச்சல் போலவே வரைபடத்தில் எழுந்து நிற்கிறது.

ஒரு கருவியின் கிடை அச்சு மற்றவற்றிலிருந்து ஒரு பாகை விலகினாலே, அதற்குச் செங்கோணத்தில் அமைந்த மறு கிடைத்திசையின் அதிர்வு ஏறத்தாழ 35 டெசிபெல் குறைந்த அளவில் கசிந்துவிடும் என்பதால், இதுவே காரணமாக இருக்கலாம் என எண்ணுகிறேன். (மேடையில் வரைந்த வடக்குக் கோட்டைக் கண்ணால் பார்த்துப் பொருத்துவதில் அதற்கு மேல் துல்லியம் எதிர்பார்ப்பதும் கடினம்.) பதிவுகளைக் கணக்கீட்டில் சிறிது சிறிதாகச் சுழற்றி, இரைச்சல் மிகக் குறையும் கோணத்தைத் தேர்ந்துகொள்வது ஏற்கத்தக்கதா, அல்லது கருவிகளையே மீண்டும் நேர்ப்படுத்த வேண்டுமா என்பதை அனுபவமுள்ளோர் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.