கருப்பையா தாத்தா குடும்பம் – காதுகுத்து குரூப்

காலை 6:48
குமார் அண்ணன்: எல்லாருக்கும் வணக்கம். பாப்பா காதுகுத்து பங்குனி ரெண்டாவது ஞாயிறு, வால்பாறைல நம்ம எஸ்டேட் மாரியம்மன் கோயில்லயே வச்சுக்கலாம்னு இருக்கோம். வேன் சொல்லணும், யார் யார் வர்றீங்கன்னு இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொல்லிருங்க

செல்வி அத்தை: நாள் பாத்தாச்சா

குமார் அண்ணன்: பாத்தாச்சு அத்தை

செல்வி அத்தை: யாருகிட்ட

பெரியப்பா: 👍

காலை 7:15
ராஜேஷ்: (வீடியோ) அவசரம்!! வால்பாறையில் யானைக் கூட்டம் அட்டகாசம், வீடுகள் தரைமட்டம், யாரும் போக வேண்டாம், அனைவருக்கும் பகிரவும்

பிரியா: ஐயோ

குமார் அண்ணன்: சித்தி இது உண்மையா??

செல்வி அத்தை: அப்பவே சொன்னேன் பொள்ளாச்சில மண்டபம் பிடின்னு

காலை 7:52
தேவி சித்தி: இப்பத்தான் மரக்கன்னு நர்சரிக்கு வந்தேன், போன் பையில இருந்துச்சு. ராஜேஷு அந்த வீடியோ நம்ம ஊரே இல்ல, நல்லா பாரு, பின்னாடி ரப்பர் மரமும் பால் பிடிக்கிற சிரட்டையும் தெரியுது, வால்பாறைல ஏதுப்பா ரப்பர். இங்க யானை வருது, வராம இல்ல, நம்ம ஊரச் சுத்தி நாலு பக்கமும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால்னு காடு, நடுவுல 220 சதுர கிலோமீட்டர் தேயிலையும் காப்பியும் நட்டு வச்சிருக்கு, அது அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் போகணும்னா நடுவாறு, சோலையாறு ஓரமா நம்ம வழியாத்தான போகணும். பகல்ல ஒரு சோலைக்குள்ள நின்னுட்டு இருட்டுனதும் நகரும். ரேஷன் கடைய ஒடைக்கிறது எதுக்குன்னா உள்ள அரிசி இருக்கு, உப்பு இருக்கு. முன்னாடியெல்லாம் ஆளு செத்தது பாதிக்கும் மேல யானை நிக்கிறது தெரியாம இருட்டுல போய் நேருக்கு நேர் முட்டுனதுதான். இப்ப யானை பக்கத்துல இருந்தா சிகப்பு லைட் எரியும், போனுக்கு மெசேஜ் வரும், அந்த வேலைக்குத்தான் 2015ல யானை ஆராய்ச்சி பண்ற ஆனந்தகுமார் சாருக்கு இங்கிலாந்துல விட்லின்னு காட்டுயிர் பாதுகாப்பு விருது குடுத்தாங்க. சிகப்பு லைட் எரிஞ்சா நாம அந்தப் பக்கம் போக மாட்டோம், அவ்வளவுதான். பயப்படாம வாங்க

பிரியா: சித்தி 🔥

ராஜேஷ்: பார்வர்டு பண்ணது தப்பா தேவி அத்தை, ஒரு சேப்டிக்குதான்

பெரியப்பா: எங்க காலத்துல லைட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. தகரத்த தட்டுவோம்

செல்வி அத்தை: தங்கம் இன்னைக்கு என்ன ரேட்டு யாராவது பாத்தீங்களா

காலை 9:30
குமார் அண்ணன்: சரி அப்ப வால்பாறைதான். காலைல 5க்கு பொள்ளாச்சில கிளம்புனா 40 கொண்டை ஊசி ஏறி 8க்குள்ள போயிரலாம். வால்பாறை போக இ-பாஸ் நான் எடுத்துர்றேன், 2025 நவம்பர்ல இருந்தே கட்டாயமாக்கிட்டாங்க. ஆளியாறு செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் இருந்தா பிடுங்கிருவாங்க, யாரும் கப்பு தட்டு எதுவும் எடுத்துட்டு வராதீங்க

ராஜேஷ்: வழில புதுத்தோட்டத்துல நிறுத்தணும் மச்சான். அங்க சிங்கவால் குரங்கு ரோட்டுக்கே வரும், பாப்பா கையால வாழைப்பழம் குடுக்கிற மாதிரி ஒரு ரீல் எடுத்தா அள்ளும்

பிரியா: செம ஐடியா

தேவி சித்தி: வேணாம்

தேவி சித்தி: வேணாம் ராஜேஷு, சொல்றத முழுசா கேளு. அந்தக் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அது தரையில எறங்குற ஜாதியே இல்ல, மரத்துல பொறந்து மரத்துலயே சாகுறது, பெரிய காட்டுல இருக்கிறது இன்னும் அப்படித்தான் இருக்கு. புதுத்தோட்டம் சோலை ஒரு சதுர கிலோமீட்டர் கூட வராது, நடுவுல ரோடு வேற, சுத்தி தேயிலை, அங்க இருந்து வேற சோலைக்கு தாவிப் போக மரம் இல்ல. அது தின்னுற வெடிப்பலா மாதிரி மரமெல்லாம் கொஞ்சம்தான் மிச்சம், அதான் கீழ எறங்கி வீட்டு ஓட்டப் பிரிக்குது, குப்பையக் கிளறுது. அந்த நேரத்துல ஒரு வேன் நின்னு பழம் போட்டுச்சுன்னா அடுத்த வேனையும் அது அப்படித்தான் நினைக்கும், ஆனா அடுத்த வேன் நிக்காது. நானே பாத்தேன், ஒரு குட்டி, இன்னும் முகத்தச் சுத்தி நரை கூட சரியா வரல, கையில சிப்ஸ் கவரோட ரோட்டோரம் கிடந்துச்சு, தாய் மேல கயித்துப் பாலத்துல உக்காந்து கத்திக்கிட்டே இருக்கு. ரோட்டத் தாண்டட்டும்னு அந்தப் பாலத்த மரத்துக்கு மரம் கட்டி வச்சிருக்காங்க, அது மேல போயிட்டு இருந்ததுங்களத்தான் நாம பழத்தக் காட்டி கீழ எறக்குறோம்

பிரியா: சாரி சித்தி

குமார் அண்ணன்: நிறுத்த வேணாம் விடு

ராஜேஷ்: ஒரு பழத்துக்கு இவ்ளோ பெரிய லெட்டரா 😅

செல்வி அத்தை: ஏன்டா அவ சொல்றதக் கேளு

செல்வி அத்தை: சதீஷ்கிட்ட பேசியாச்சா குமாரு. தாய்மாமன் மடி இல்லாம காது குத்தக்கூடாது

குமார் அண்ணன்: பேசணும் அத்தை

செல்வி அத்தை: பத்திரிகைல அவன் பேர விட்டா வரமாட்டான். என் கல்யாணத்துல எங்க வீட்டுக்காரர் அண்ணன் பேர விட்டது இன்னும் நான்தான் கேட்டுட்டு இருக்கேன்

பெரியப்பா: அத இப்ப எதுக்கு

மதியம் 1:10
ராஜேஷ்: தேவி அத்தை கோவிச்சுக்காதீங்க. ஒரு விஷயம். நம்ம பழைய எஸ்டேட் லயன் வீட்டு மேட்டுக்கு பின்னாடி சோலைய ஒட்டி 5 சென்ட் ஒருத்தர் குடுக்கிறார். ஹோம்ஸ்டே போடலாம்னு இருக்கேன். ஜேசிபி விட்டு பொதரெல்லாம் எடுத்துட்டா வியூ சூப்பரா இருக்கும். பெரிய மாமா பங்கு சேருறாரு

செல்வி அத்தை: எங்கிட்ட சொல்லவே இல்ல

பெரியப்பா: பேச்சு வார்த்தைலதான் இருக்கு

செல்வி அத்தை: பொள்ளாச்சி சைட் கணக்கே இன்னும் முடியல அண்ணே

மதியம் 1:34
தேவி சித்தி: மாமா நீங்க பெரியவங்க, உங்களுக்கு நான் சொல்லணுங்கிறது இல்ல. அந்தச் சோலைல நடுவுல ஒரு ஊத்து இருக்கு, கோடைல கூட வத்தாது, நம்ம லயன்ல அத்தனை வீட்டுக்கும் தண்ணி அதுதான். பெரிய காட்ட துண்டு துண்டா நறுக்குனதுல இந்தப் பக்கம் ஒரு நாப்பது துண்டு போலத்தான் மிச்சம் நிக்குது, அதுல ஒண்ணு அது. மழைக்காடுன்னா உள்ள எப்பவும் இருட்டும் ஈரமுமா இருக்கணும். ஓரத்துல இருக்கிற பொதர நீங்க சும்மா பொதருன்னு நினைக்கிறீங்க, அதுதான் வெயிலும் காத்தும் உள்ள போகாம தடுக்குது. அத எடுத்துட்டா ஓரம் காஞ்சு, பெரிய மரம் காத்துல சாயும், அது சாஞ்ச எடத்துல வெளிச்சம் விழுந்து உண்ணிச்செடிங்கிற களை ஏறும், ரோபஸ்டா காப்பி ஏறும், அப்புறம் நாத்து ஒண்ணும் மேல வராது. அங்க வருசா வருசம் இருவாச்சிப் பறவை கூடு கட்டுது, பொட்டை மரப்பொந்துக்குள்ள போய் வாசல அடைச்சுக்கிட்டு உள்ளயே இருக்கும், ஆணுதான் பழம் கொண்டு வந்து இத்தனூண்டு சந்து வழியா ஊட்டும். அவ்ளோ பெரிய பொந்து பழைய மரத்துலதான் இருக்கும். அந்த மரம் போனா இருவாச்சி போச்சு, இருவாச்சி போனா பெரிய கொட்டைய முழுங்கி தூரமா கொண்டு போய் போட ஆளில்ல. அதுக்கு மேல ஹோம்ஸ்டேன்னா மிச்சச் சோறு, அதுக்கு நாயும் பன்னியும், அதுங்களத் தேடி சிறுத்தை, லயன்ல சின்னப் புள்ளைங்க இருக்கு

பெரியப்பா: அப்ப இந்த தேயிலை எப்படி வந்துச்சு. வெள்ளைக்காரன் 1890கள்ல காட்ட அழிச்சுதான நட்டான். எங்கப்பாவும் மரம் வெட்டித்தான் எங்கள வளத்தாரு. அவரு பேர குரூப்புக்கு வச்சுட்டு அவரு தப்பு பண்ணாருங்கிறியா

பிரியா: 😶

குமார் அண்ணன்: பெரியப்பா சித்தி அப்படி சொல்லல

மதியம் 2:05
தேவி சித்தி: மாமா சத்தியமா அப்படி இல்ல. அவரு கூலிக்கு வெட்டுனாரு, சிவகங்கைல மழை இல்லாம பஞ்சம் பொழைக்க வந்தவரு, அட்டை கடிச்சு ரத்தம் வடிய நின்னாரு, லாபம் எங்கயோ போச்சு. பேக்டரி அடுப்புக்கு தைலமரம் நடச் சொன்னாங்க, நிழலுக்கு ஆஸ்திரேலியா சில்வர் ஓக் நடச் சொன்னாங்க, நட்டாரு. ஆனா ஊத்து இருக்கிற சோலைல ஒரு வெறகு கூட எடுக்க விடமாட்டாரு, அப்பத்தா எத்தன தடவ சொல்லிருக்கு. அவரு காப்பாத்துன எடத்தத்தான் நான் கேக்குறேன். இங்க நர்சரில நாங்க நூத்துக்கும் மேல நாட்டு மர வகை வச்சிருக்கோம், காட்டுக்குள்ள போயி எடுக்கிறதில்ல, ரோட்டோரம் விழுகிற கொட்டைய பொறுக்கி மொளைக்க வச்சு, உண்ணிச்செடிய வெட்டி எடுத்துட்டு அங்க நடுறோம். இருபது வருசத்துக்கு முன்னாடி வெறும் களையா கிடந்த எடத்துல இன்னைக்கு தலைக்கு மேல நெழல் நிக்குது. மொத்தக் காடும் திரும்ப வராது, எனக்குத் தெரியும். ஓரம் ஒட்டும், துண்டும் துண்டும் கொஞ்சம் கொஞ்சமா சேரும், குரங்கு தரையில எறங்காம தாண்டும். இங்க பேயுற மழைதான் சோலையாறு அணை வழியா பொள்ளாச்சி தென்னைக்கு வருது, ராஜேஷு மாமனார் தோப்பும் அந்தத் தண்ணிதான்

செல்வி அத்தை: அப்பத்தா சொல்லும் ஆமா. ஊத்துல செருப்போட காலு வச்சா அடிக்கும்

பெரியப்பா: ம்

ராஜேஷ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரியா: என்ன டெலீட் பண்ண மச்சான் 👀

ராஜேஷ்: ஒண்ணுமில்ல. டவுன்ல ரூம் போட்டு நடத்துனாலும் நடத்தலாம். அட்வான்ஸ் இன்னும் குடுக்கல

மாலை 6:20
குமார் அண்ணன்: வந்தவங்களுக்கு தாம்பூலப் பைல மரக்கன்னு வைக்கலாமா சித்தி

தேவி சித்தி: பொள்ளாச்சி வெயிலுக்கு இந்தக் கன்னு வராதுப்பா, பாவம் செத்துரும். பாப்பா பேர்ல இங்க ஊத்து ஓரமா ஒண்ணு நடலாம், மழை புடிச்சதும் நாங்களே நட்டுர்றோம். நாங்கு மரம் இருக்கு, கருங்குங்கிலியம் இருக்கு

பிரியா: நான் கருங்குங்கிலியம்

செல்வி அத்தை: நாங்குதான் வைரம் மாதிரி. கிடா யாரு வாங்குறது, இந்த தடவயும் நானா

குமார் அண்ணன்: நான் வாங்கிக்கிறேன் அத்தை. சாப்பாடு பாக்குமட்டைல போட்டுக்கலாம். மிச்சம் இருந்தா சித்தி

தேவி சித்தி: மிச்சத்த வெளிய கொட்டாதீங்க, மூடி திரும்ப பொள்ளாச்சிக்கே எடுத்துட்டு போயிருங்க. கறி வாடைக்கு ராத்திரி பன்னி வரும்

பெரியப்பா: தேவி அந்த இருவாச்சி எந்த மரம்

தேவி சித்தி: ஊத்துக்கு மேல மாமா, பாறைய ஒட்டி நிக்குமே பெருசு

பெரியப்பா: அது நான் சின்னப்பையனா இருக்கப்பவே பெருசு. வர்றப்ப காட்டு

தேவி சித்தி: தூரத்துல நின்னுதான் மாமா பாக்கணும், பக்கத்துல போனா ஆணு பழம் கொண்டு வராது

குமார் அண்ணன்: வேன் 12 சீட்டா 21 சீட்டா, யாருமே இன்னும் சொல்லல

ராஜேஷ்: நான் கார்ல வர்றேன்

செல்வி அத்தை: சதீஷ் வர்றானா இல்லையான்னு தெரியாம சீட்டு எப்படி சொல்றது. யாரு பேசுறீங்க

பிரியா: பெரியப்பா பேசுனா வருவார்

பெரியப்பா: 👍