வேப்பமரத்தில அடிக்கிற அலுமாரியா, கடை அலுமாரியா? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. மாங்குளத்தில எங்கட வீட்டு வேலை முடியுது, தையில குடிபூரல். 550 சதுர அடிதான்.

படுக்கையறை 10க்கு 10. நிலத்தில சோக்கால கீறிப் பாத்தன். 6க்கு 5 கட்டிலும், எதிர்ச்சுவரோட 2 அடி ஆழ அலுமாரியும் வைச்சா நடுவில 2 அடிதான் மிச்சம். அலுமாரிக் கதவைத் திறந்தா நிக்க இடமில்லை! இழுவைக் கதவு போட்டாக்கள் இருக்கிறியளோ? தூசிக்கு இறுகாதோ?

அடுத்தது கறையான். கொட்டில்ல இருந்த காலத்தில தப்பினது அம்மாட தகரப்பெட்டி மட்டும்தான், அதை இண்டைக்கும் பெருமையாச் சொல்லுவா. கடையில சிப்போட் (மரச்சீவல் ஒட்டி அமத்தின பலகை) அலுமாரி தவணைக்குத் தருகினம், ஆனா மாரி ஈரத்துக்கு ஊதிப்போகுமெண்டு பயம். வளவில தறிச்ச வேம்பு கிடக்கு, இன்னும் பச்சை. அரிஞ்சு எவ்வளவு நாள் காயவிடவேணும்? கிளிநொச்சிப் பக்கம் நல்ல ஓடாவி ஆரும் இருந்தா உள்பெட்டியில சொல்லுங்கோ.

வயரிங்காரர் வாற கிழமை வருகினம். கட்டில் எந்தப் பக்கமெண்டு தெரியாமல் பிளக்கை எங்க வைக்கச் சொல்லுறது? அதுதான் அவசரம்.