இரு குழந்தைகளுக்கான பயண ஸ்ட்ரோலர்: ‘ஈரிருக்கை மடிவண்டி’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு குழந்தைகளை உட்காரவைத்துத் தள்ளிப்போகும் வண்டியான ‘டபுள் ஸ்ட்ரோலர்’க்குத் தமிழ்ச்சொல் தேடியதில் இதுவரை வந்த பரிந்துரைகள்: இரட்டைத் தள்ளுவண்டி, இரட்டையர் வண்டி, இணைவண்டி, சிறுதேர். அந்த ஆங்கிலப் பெயரை மட்டும் எதிரே வைத்துக்கொண்டு தேடினால் இப்படித்தான் வரும். நான் பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன். இதைத் தேடுகிறவர் பெரும்பாலும் இடுப்பில் ஒரு கைக்குழந்தை, எதிரே ஓட ஆரம்பித்துவிட்ட ஒரு குழந்தை என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறவர், அவருக்கு எதை வாங்குவது என்பதில் பாதி வழியையாவது சொல்லே காட்டிவிட வேண்டும்.

> சிறுதேர் என்ற அழகான சொல் இருக்கும்போது புதிதாக ஏன்?

அழகான சொல்தான், ஆனால் வேறு பொருளில் உறுதியாக நிற்கிறது. பட்டினப்பாலையில் வரும் ‘முக்காற் சிறுதேர்’ பிள்ளைகள் குதிரையில்லாமல் தாங்களே உருட்டி விளையாடுவது. பிள்ளைத்தமிழின் சிறுதேர்ப் பருவமும் குழந்தை தேரை உருட்டும் பருவம்தான். நம்முடைய வண்டியில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது, தள்ளுகிறவர் பெரியவர். நடைவண்டிக்கும் இதே சிக்கல், அது குழந்தை பிடித்துக்கொண்டு நடை பழகுவது. தள்ளுவண்டி என்றாலோ விற்பனை வண்டிதான் முதலில் நினைவுக்கு வரும்.

‘இரட்டையர் வண்டி’யை நான் கடுமையாகவே மறுக்கிறேன். ஒரே வயது இரட்டையருக்கும் வயது வித்தியாசமுள்ள இருவருக்கும் தேவை ஒன்றல்ல. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு முதுகு ஏறத்தாழ மட்டமாகப் படுக்கிற இருக்கை வேண்டும், மூத்ததற்கு நிமிர்ந்து வேடிக்கை பார்க்கவும் காலை ஊன்றவும் இடம் வேண்டும். அதனால் வாங்கும்போது இரண்டு இருக்கையும் தனித்தனியாகச் சாய்கிறதா, எது முழுதாகச் சாயும், ஒவ்வொன்றும் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. குழந்தை வண்டிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 1888-இல் 15 கிலோ வரையிலான குழந்தைகளுக்கு ஒரு பகுதியும், 15-லிருந்து 22 கிலோ வரைக்கு இன்னொரு பகுதியும் உண்டு. மூத்தது வளர்ந்த குழந்தை என்றால் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் வாங்கக் கூடாது.

அடுத்தது இருக்கை அமைப்பு, என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பதே இதுதான். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகை பெரும்பாலும் 70 முதல் 80 செ.மீ. அகலம் வரும், பல லிஃப்டுகளின் கதவே 80 செ.மீ.தான், வீட்டுக்குள் இருக்கும் கதவுகள் அதைவிடக் குறுகலாகவும் இருக்கும். அகலச் சிக்கல் இல்லையென்றால் இது நல்ல வண்டி: இருவருக்கும் ஒரே காட்சி கிடைக்கும், திருப்புவதும் சுலபம். ஒருவர் கனமாகவும் ஒருவர் லேசாகவும் இருந்தால் ஒரு பக்கம் இழுக்கும், ஒருவர் தூங்கும்போது மற்றவர் கையை நீட்டி எழுப்பிவிடுவார், அதையும் சொல்லிவிட வேண்டும். முன்னும் பின்னுமாக உட்காரும் வகை ஒருவருக்கான வண்டியின் அகலத்திலேயே அடங்கும், ஆனால் நீளம். நடைபாதை விளிம்பில் ஏற்ற முன்சக்கரத்தைத் தூக்கும்போது முன்னால் இருக்கும் குழந்தையின் எடை கைப்பிடியிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால் கை வலிக்கும். பின்னால் இருப்பவருக்குக் கால் நீட்ட இடமும் பார்வையும் குறையும். இத்தனை வேறுபாட்டையும் ‘இரட்டை’ என்ற ஒரே அடை மறைத்துவிடுகிறது.

அப்புறம் மடிப்பு. பயணத்துக்கு என்று வாங்குவதே இதற்காகத்தான். 1965-இல் ஓவன் மெக்லாரன் என்ற பிரிட்டிஷ் விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை பார்த்தவர், அலுமினியக் குழாயில் குடைபோல மடியும் வண்டியை வடிவமைத்தார், எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. அந்தக் குடைமடிப்பு நீளமான கட்டாக முடியும். இப்போது வருகிற இன்னொரு வகை பெட்டிபோல மடிந்து தரையில் தானே நிற்கும். ஒருவருக்கான வண்டிகளில் சில விமானத்தில் இருக்கைக்கு மேலுள்ள சாமான் தட்டுக்கே போய்விடும், ஆனால் கைப்பைக்கு ஐயாட்டா (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) வழிகாட்டும் 56 × 45 × 25 செ.மீ. அளவில் இருவருக்கான வண்டி பெரும்பாலும் அடங்காது, விமானத்தின் வாசல்வரை தள்ளிக்கொண்டுபோய் அங்கே ஒப்படைக்க வேண்டியதுதான். அதற்கும் எடை வரம்பு வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. இருவருக்கான இலகுவகையே பெரும்பாலும் 9 முதல் 14 கிலோ வருவதால் டிக்கெட் எடுக்கும்போதே விதியைப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு கையால் மடிக்க முடிகிறதா என்பதையும் கடையிலேயே செய்து பார்க்கச் சொல்வேன், மற்றொரு கையில் எப்போதும் ஒரு குழந்தை இருக்கும்.

ஆக, அடிப்படைச் சொல்லாக மடிவண்டி. மடிகிற வண்டி என்று வினைத்தொகையாகவும் கொள்ளலாம், குழந்தையை ஏந்தும் மடி என்று பெயராகவும் கொள்ளலாம். மடிக்கணினியில் க் மிகுவதால் அங்கே மடி பெயர்தான் என்று தெரிந்துவிடுகிறது, வண்டி வகரத்தில் தொடங்குவதால் இங்கே இரண்டு பொருளும் நிற்கும். மடியாத பழைய தொட்டில்வண்டிக்கு இது பொருந்தாதே என்றால், ஆம், பொருந்தாது, அதற்கு அந்தப் பெயரே இருக்கட்டும்.

இருவருக்கானது ஈரிருக்கை மடிவண்டி. பக்கத்தில் பக்கத்தில் என்றால் அருகமர் மடிவண்டி, முன்னும் பின்னும் என்றால் முன்பின் மடிவண்டி. மடிப்பு வகைக்குக் குடைமடிப்பு, பெட்டிமடிப்பு.

‘இணைவண்டி’யைக் கைவிட எனக்கு மனமில்லை, அதற்குச் சரியான பொருள் ஒன்று காத்திருக்கிறது. ஒருவருக்கான இரண்டு வண்டிகளைக் கவ்விகளால் சேர்த்து ஒன்றாகத் தள்ளுவார்கள், பெரியவர்கள் இருவர் இருக்கும்போது பிரித்துக்கொள்ளலாம். சேர்த்துத் தள்ளும்போது சட்டங்கள் ஆடும், திருப்புவது கொஞ்சம் பாடு, ஆனாலும் பயணத்தில் பலருக்கு இதுவே போதும். இணைவண்டி என்பதை இதற்கே வைத்துக்கொள்வோம்.

மூத்த குழந்தை மூன்று வயதை நெருங்கிவிட்டால் ஈரிருக்கையே தேவைப்படாமல் போகலாம். ஒருவருக்கான வண்டியின் பின்னால் சக்கரம் வைத்த பலகை ஒன்றை மாட்டி அதன்மேல் மூத்ததை நிற்க வைத்துக் கூட்டிப்போகலாம், வண்டி தயாரிப்பாளர் அதை அனுமதித்திருந்தால் மட்டும். இதற்கு ‘நிற்பலகை’ என்று எழுதிப் பார்த்தேன், ஒலி கொஞ்சம் இடிக்கிறது. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.