மங்கிய படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்ட யோசனை தேவை
வணக்கம். மாமல்லபுரத்தில் மேகமூட்டமான நாளில் ஃபிலிமில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் உயிரற்றுச் சாம்பல் பூத்திருக்கின்றன. தூக்கியெறிய மனமில்லை, கையால் வண்ணம் தீட்டப்போகிறேன். பளபளப்பில்லாத ஃபைபர் காகிதத்தில் (பிளாஸ்டிக் பூச்சில்லாத புகைப்படத் தாள்) அச்சிட்டு, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் புரோமைடும் கலந்த கரைசலில் வெளுத்து, சோடியம் சல்ஃபைடில் செபியா என்னும் பழுப்பு நிறம் ஏற்றிவிட்டேன். (அழுகிய முட்டை நாற்றம்! காற்றோட்டமான மொட்டைமாடியில் மட்டுமே செய்யுங்கள்.) கற்கோயிலுக்கு அந்தப் பழுப்பு அவ்வளவு பொருந்துகிறது.

இனி வானத்துக்கும் கடலுக்கும் எதைப் பூசலாம்? எண்ணெய் வண்ணமென்றால் பஞ்சால் துடைத்துத் திருத்தலாம், ஆனால் மெதுவாகத்தான் உலரும். நீர்ச்சாயம் காகிதத்தில் ஊறிவிட்டால் எடுப்பது கடினம். சென்னைப் புழுக்கத்தில் எண்ணெய் வண்ணம் பிசுபிசுக்காமல் உலர என்ன செய்கிறீர்கள்? பழைய ஸ்டூடியோக்களில் வண்ணம் தீட்டிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.