எச்ஆர்வி ஏறினால் செப்சிஸ் தேறிவிட்டது என்று அர்த்தமா?

இரவுப்பணி டாக்டர்:
மாம்பலம்வாசி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைக் கெடுக்கும் நிலை) நோயாளிக்கு, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து கொடுத்தால் எச்ஆர்வி, அதாவது துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறும் அளவு, ஏறுமாம். ஏறினால் ஆள் தேறிவிட்டாராம். நிமிடத்துக்கு 120 துடித்தால் இடைவெளி 500 மில்லிசெகண்ட். 80க்கு இறக்கினால் 750. இடைவெளி நீண்டால் அது கூடிக் குறையவும் இடம் கிடைக்கும், எச்ஆர்வி எண் தானாக ஏறும். ஆள் தேறினாரா என்பது வேறு கணக்கு.

மாம்பலம்வாசி:
2013 ரோம் ஆய்வு மறந்துவிட்டதா? 154 பேர். எஸ்மோலால் என்ற பீட்டா பிளாக்கர் கொடுத்து துடிப்பை 80க்கும் 94க்கும் நடுவே வைத்தார்கள். 28 நாளில் இறப்பு 49.4 சதவீதம், கொடுக்காத பக்கம் 80.5. பிழைத்தவரிடம் போய் உங்கள் மில்லிசெகண்டைச் சொல்லுங்கள்.

இரவுப்பணி டாக்டர்:
ஒரே மருத்துவமனை, அதில் முதல் இலக்கே துடிப்பைக் குறைப்பதுதான். 2023ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வை ஏன் விட்டீர்கள்? லாண்டியோலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கர், 126 பேர், கெடுதலாக இருக்கலாம் என்று முன்கூட்டியே நிறுத்தினார்கள். மருந்து எடுத்தவர்களில் இறப்பு 37.1 சதவீதம், எடுக்காதவர்களில் 25.4. துடிப்பு குறைந்தது, அதனால் எண் ஏறும். அவ்வளவுதான்.

மாம்பலம்வாசி:
அது லாண்டியோலால், நான் சொன்னது எஸ்மோலால். போன விவாதத்திலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள், நான் மறக்கவில்லை. இதயச் செயலிழப்பில் பீட்டா பிளாக்கர் கொடுத்தால் இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் கை ஓங்கி எச்ஆர்வி ஏறுகிறதே, அதுவும் வெறும் கணக்கா?

தமிழ்ச்சொல் ஆர்வலர்:
செப்சிஸுக்குக் குருதிநச்சு என்று எழுதலாமே?

இரவுப்பணி டாக்டர்:
கூடாது ஐயா, ரத்தத்தில் விஷம் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். மாம்பலம்வாசிக்கு வருகிறேன். இதயச் செயலிழப்பு வேறு, இது வேறு. செப்சிஸ் ஆளுக்கு பிபியைத் தூக்கும் நார்அட்ரினலின் ஓடுகிறது, வென்டிலேட்டர் மூச்சைத் தள்ளுகிறது, மயக்க மருந்தும் உண்டு, இதில் எது எண்ணை அசைத்தது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால் துடிப்பு தாறுமாறாகி எச்ஆர்வி எகிறும். அப்போதும் தேறிவிட்டார் என்பீர்களா?

வேளச்சேரி மகள்:
அப்பா ஆறு வருடமாக மெட்டோபுரோலால் சாப்பிடுகிறார், அதுவும் பீட்டா பிளாக்கர்தான். போன ஐப்பசி மழையில் சிறுநீர்த் தொற்று. காய்ச்சல் 102, விரல் நுனியெல்லாம் சில்லென்று, யூரின் பையில் கால் டம்ளர்கூட இல்லை, மானிட்டரில் மட்டும் 88. பல்ஸ் நார்மல்தானே என்று டியூட்டியில் இருந்தவர் போய்விட்டார். மாத்திரை பிடித்து வைத்திருந்த 88 அது. நள்ளிரவில் பிபி விழுந்தது. இனி காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

இரவுப்பணி டாக்டர்:
நீங்களாக நிறுத்தாதீர்கள் சகோதரி, உங்கள் டாக்டரைக் கேளுங்கள். இன்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அட்மிஷனிலேயே சொல்லிவிடுங்கள். பார்த்தீர்களா மாம்பலம்வாசி, எண் நன்றாக இருந்தது, ஆள் நன்றாக இல்லை.

மாம்பலம்வாசி:
அவர் சொன்னது பல்ஸ், நாம் பேசுவது எச்ஆர்வி. ஒருவர் அப்பாவின் கஷ்டத்தை உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளாதீர்கள். 49.4, 80.5. இதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

இரவுப்பணி டாக்டர்:
சொல்லியாயிற்று, மேலே போய்ப் படியுங்கள். 500, 750.