புதுப்பிப்பு: பரணில் கிடைத்த இசைத்தட்டுகள் என்ன விலை போகும்?

திருமங்கலம் தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்த இசைத்தட்டுகளுக்கு என்ன விலை கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாயிற்று.

பாதிக்கு மேல் 78 சுழற்சித் தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய வகை. இவை வினைல் என்ற பிளாஸ்டிக்கே இல்லை, அரக்கு கலந்து செய்தவை. கைதவறினால் அப்பளம்தான். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கச் சொன்ன நண்பருக்கு: வேண்டாம், அரக்கு அதில் கரையும். பழசு என்பதாலேயே இவற்றுக்கு விலை கூடிவிடாது. 1960களில் இந்தியாவில் அச்சான, பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் 78 தட்டுகள் போன்றவற்றைத்தான் வெளிநாட்டுக்காரர்கள் தேடுகிறார்கள். நம்ம தாத்தாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை!

தேறுவது எக்கோ கம்பெனி வெளியிட்ட இளையராஜா எல்பிகள், அதாவது நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டுகள். ஒன்றில் உறையின் முனைகூட மடங்கவில்லை. தட்டை வெளிச்சத்தில் சாய்த்தால் மயிரிழைக் கீறல்கள் மட்டும். இன்னொன்று மதுரை வெயிலில் வளைந்து, முள் ஏறி இறங்குகிறது. அது போச்சு. லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வட்டத்தில் பொறித்திருக்கும் எண்களையும் படம் எடுத்துவிட்டேன். எந்தப் பதிப்பில் அச்சானது என்று கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொன்னார்கள். கொடுக்கவில்லை. இசைத்தட்டுகளை வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஆளாளுக்குக் கேட்கும் விலையை நம்பாமல், கடைசியாக விற்ற விலையைப் பாருங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். எல்பிகளைத் தனித்தனியாக விற்கப் போகிறேன். 78 தட்டுகளை மாமா கேட்கிறார், அவரிடம் கிராமபோன் இருக்கிறது.